கிராண்ட் நேஷனல் பந்தயம்: வேலிகளைத் தணித்த பிறகும் குதிரைகள் ஏன் இறக்கின்றன?

2025 ஏப்ரல் 5 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரையொட்டிய ஏன்ட்ரீ மைதானத்தில் நடந்த கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் நிக் ராக்கெட் என்ற குதிரை வென்றது. அதே பந்தயத்தில் ஓடிய செலெப்ர் தாலன் என்ற 13 வயதுக் குதிரை, வேலிகளையெல்லாம் தாண்டி முடித்த பிறகு, தாண்டுவதற்கு எதுவுமே இல்லாத இறுதி நேரோட்டத்தில் சரிந்து, சில நாள்களில் இறந்துபோனது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பந்தய விதிகளைப் பெரிய அளவில் மாற்றியிருந்தார்கள். அந்த ஆண்டு ஒரு குதிரைகூட விழவில்லை என்ற செய்தியும் பரவலாக வந்தது.

வேலிகளைப் பதமாக்கிய பிறகும் சாவுகள் ஏன் தொடர்கின்றன, வேலியே இல்லாத இடத்தில் ஒரு குதிரை எப்படி இறக்கிறது, கால் முறிந்த குதிரையைக் குணப்படுத்தாமல் ஏன் கொன்றுவிடுகிறார்கள் என்ற கேள்விகள் ஒவ்வோர் ஏப்ரலிலும் எழுகின்றன. இவற்றுக்கு விடை காண, பந்தயம் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இது என்ன வகைப் பந்தயம்

நம்மூர் வாசகர்களுக்குக் குதிரைப் பந்தயம் என்றால் கிண்டி நினைவுக்கு வரும். அங்கே நடந்தவை சமதளப் பந்தயங்கள்: ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரம், தடைகள் கிடையா, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அவற்றுக்கு இணையாகத் தாண்டுபந்தயம் என்ற தனி மரபு இருக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு. இடித்தால் சாய்ந்துகொடுக்கும் தாழ்வான தட்டிகளைத் தாண்டுவது ஹர்டில் பந்தயம். உயரமும் தடிமனும் கொண்ட வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டுவது ஸ்டீப்பிள்சேஸ். தடகளத்தில் 3,000 மீட்டர் ஓட்டத்துக்கு வழங்கும் அதே பெயர்தான். மனிதர்களின் ஓட்டம் குதிரைகளிடமிருந்து கடன் வாங்கியது.

1839இலிருந்து நடந்துவரும் கிராண்ட் நேஷனல், ஸ்டீப்பிள்சேஸ் பந்தயங்களில் மிகப் புகழ்பெற்றது. இன்றைய தூரம் ஏறக்குறைய 6.9 கிலோமீட்டர். தடத்தில் 16 வேலிகள் உள்ளன. அவற்றில் 14 வேலிகளை இரண்டு சுற்றிலும், எஞ்சிய இரண்டை முதல் சுற்றில் மட்டும் தாண்ட வேண்டும். ஆக மொத்தம் 30 தாண்டல்கள். கடைசி வேலிக்குப் பிறகும் சுமார் 450 மீட்டர் நேரோட்டம் மிச்சம் இருக்கிறது. ஏழு வயது நிறையாத குதிரைகளுக்கு அனுமதியில்லை.

இது ஹேண்டிகேப் முறையில் நடப்பது. அதாவது, முன்பு நன்றாக ஓடிய குதிரை கூடுதல் எடை சுமக்க வேண்டும். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து எடை போதாவிட்டால் ஈயத் தகடுகளைச் சேர்த்துச் சரிக்கட்டுவார்கள். 2025இல் உச்ச எடை 11 ஸ்டோன் 12 பவுண்டு, நம் கணக்கில் 75 கிலோவுக்குச் சற்று மேல். எல்லாக் குதிரைகளுக்கும் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். அதன் பக்க விளைவு, தரத்தில் ஏற்றத்தாழ்வுள்ள பல குதிரைகள் நெருக்கமான கூட்டமாக ஓடுவது.

தடத்தின் முக்கியமான இடங்கள்

ஏன்ட்ரீயின் வேலிகள் மற்ற மைதானங்களில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை. நடுவில் ஒரு கூடு, அதன்மேல் அடர்த்தியாகச் செருகிய ஸ்புரூஸ் மரக் கிளைகள், அடியில் குதிரைக்குத் தாண்டும் இடத்தைக் காட்டும் பலகை என்பது அவற்றின் அமைப்பு. மேலே இருக்கும் பசுங்கிளைகளைக் குதிரை உரசிக்கொண்டு போகலாம். கூட்டில் மோதினால்தான் ஆபத்து.

ஆறாவது வேலி பெச்சர்ஸ் புரூக். முதல் பந்தயத்திலேயே இங்கே விழுந்து ஓடைக்குள் பதுங்கிக்கொண்ட கேப்டன் பெச்சரின் பெயரைத் தாங்கியது. இதன் சிக்கல் உயரம் அன்று. இறங்கும் பக்கம் புறப்படும் பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும். குதிரை தான் எதிர்பார்த்த இடத்தில் தரையைக் காணாமல் இன்னும் கீழே போக வேண்டியிருப்பதால், முன்பக்கம் கவிழ்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். 1989இல் இங்கே இரண்டு குதிரைகள் இறந்த பின்பு ஓடையின் பள்ளத்தைத் தூர்த்தார்கள். பிற்காலத்தில் இறக்கத்தையும் படிப்படியாகக் குறைத்தார்கள்.

எட்டாவது வேலியான கெனால் டர்னைத் தாண்டி இறங்கியவுடனேயே இடப்பக்கம் ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்ப வேண்டும். முதல் சுற்றில் மட்டும் வரும் தி சேர்தான் எல்லாவற்றிலும் உயரமானது: 1.57 மீட்டர், அதற்கு முன்னால் சுமார் 1.8 மீட்டர் அகலப் பள்ளம்.

வினோதம் என்னவென்றால், பந்தய வரலாற்றின் மிகப் பெரிய குழப்பம் இந்தப் பயங்கர வேலிகளில் நடக்கவில்லை. தடத்தின் தாழ்வான வேலிகளுள் ஒன்றான ஏழாவது வேலியில், இரண்டாம் சுற்றில் நடந்தது. 1967இல் ஜாக்கியை இழந்து தனியே ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை, வேலியைத் தாண்டாமல் அதன் முகப்பிலேயே குறுக்காகத் திரும்பியது. பின்னால் வந்தவை அதன்மீது மோதின, மிரண்டு நின்றன, திரும்பி எதிர்த்திசையில் ஓடின. ஜாக்கிகள் வேலிக்கு அப்பால் தூக்கி எறியப்பட்டார்கள். வெகுதூரம் பின்தங்கியிருந்த ஃபொய்னாவன் என்ற குதிரை மட்டும் குவியலின் ஓரத்தில் கிடைத்த இடைவெளியில் நுழைந்து, முதல் முயற்சியிலேயே தாண்டிப் போய், ஒன்றுக்கு நூறு என்ற பந்தய விகிதத்தில் வென்றது. வேலிக்கு இன்று அதன் பெயர்தான். இதைக் கதையாக ரசித்துச் சொல்வது வழக்கம். ஆனால் ஆபத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. வேலியின் உயரத்துக்கும் அங்கே நடந்ததற்கும் தொடர்பே இல்லை.

முடிவுப் பட்டியலைப் படிக்கும் முறை

பந்தயத்தை முடிக்காத குதிரைகளை அதிகாரப்பூர்வ முடிவுகள் பிரித்துக் காட்டும். இந்தப் பிரிவுகளை அறியாமல் செய்தியைப் படித்தால் தவறான முடிவுக்கு வர நேரும்.

1. விழுந்தது: தாண்டும்போது குதிரையே தரையில் விழுவது.
2. ஜாக்கி தவறினார்: குதிரை நின்றபடி இருக்க, சவாரி செய்தவர் மட்டும் கீழே விழுவது.
3. வீழ்த்தப்பட்டது: தன் தவறு இல்லாமல், விழுந்துகிடக்கும் வேறொரு குதிரையில் இடறி விழுவது.
4. மறுத்தது: வேலியின் முன் வந்து தாண்டாமல் நின்றுவிடுவது.
5. நிறுத்தப்பட்டது: களைப்பு, காயம் அல்லது வெற்றி வாய்ப்பின்மை காரணமாக ஜாக்கியே கடிவாளத்தை இழுத்து ஓட்டத்தை முடித்துக்கொள்வது.

2024இல் ஒரு குதிரையும் விழவில்லை என்பது முதல் பிரிவை மட்டும் வைத்துச் சொன்னது. அன்று ஓடிய 32 குதிரைகளில் 21 மட்டுமே பந்தயத்தை முடித்தன. எஞ்சிய பதினொன்றில் நான்கில் ஜாக்கி தவறினார், ஏழு நிறுத்தப்பட்டன. செய்தி பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று. நிறுத்தப்பட்ட அந்த ஏழுதான் என் பார்வையில் அந்த ஆண்டின் உண்மையான நற்செய்தி. களைத்த குதிரையைக் கட்டாயப்படுத்தி இன்னொரு வேலியை நோக்கி ஓட்டாமல் விட்டார்கள் என்று அதற்குப் பொருள்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது

அண்மைக்கால மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவை ஒரே காரணத்தில் அடங்குவதில்லை.

1. தொடக்க வேகம். 2023இல் ஹில் சிக்ஸ்டீன் முதல் வேலியிலேயே விழுந்து இறந்தது. ஏறக்குறைய நாற்பது குதிரைகள் நல்ல இடம் பிடிக்க முந்தியடித்துக்கொண்டு ஓடுவதால், பந்தயத்தின் உச்ச வேகங்களில் ஒன்று முதல் வேலியை நெருங்கும்போதே வந்துவிடுகிறது. அந்த ஆண்டு விலங்குரிமைப் போராட்டக்காரர்கள் தடத்துக்குள் நுழைந்ததால் பந்தயம் கால்மணி நேரம் தாமதமானது. அந்தப் பரபரப்பில் குதிரை கலவரமடைந்தது என்று அதன் பயிற்சியாளர் தரப்பு சொன்னது, போராட்டக்காரர்கள் மறுத்தார்கள். எது சரியானாலும், முதல் வேலி அதற்கு முன்பே பல விழுதல்களைக் கண்டதுதான்.

2. நெரிசல். 2012இல் அக்கார்டிங் டு பீட் என்ற குதிரை, பெச்சர்ஸ் புரூக்கை இரண்டாம் முறை தாண்டியபோது வேறொரு குதிரையால் வீழ்த்தப்பட்டு இறந்தது. தன் தாண்டலில் அதற்குக் குறையேதும் இல்லை. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பக்கவாட்டில் நன்றாகப் பார்க்கும். வேலியை மிக நெருங்கிய கணத்தில் நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. வேலிக்கு அப்பால் என்ன கிடக்கிறது என்பது தெரிய வாய்ப்பே இல்லை.

3. ஆளில்லாக் குதிரை. அதே 2012 பந்தயத்தில், சில வாரங்களுக்கு முன்புதான் செல்ட்னம் தங்கக் கோப்பையை வென்றிருந்த சின்க்ரனைஸ்ட், பெச்சர்ஸ் புரூக்கில் ஜாக்கியை இழந்தது. அங்கே அதற்குப் பெரிய காயம் இல்லை. எழுந்து, கூட்டத்தோடு சேர்ந்து தானாகவே ஓடியது. பிறகு வந்த வேலி ஒன்றில்தான் கால் முறிந்தது. மந்தையைப் பிரியாமல் ஓடுவது குதிரையின் இயல்பு. நிறுத்துவதற்கு மேலே ஆள் இல்லை.

4. வெறும் ஓட்டம். 2021இல் தி லாங் மைல் என்ற குதிரை இரண்டு வேலிகளுக்கு இடையே சமதரையில் ஓடும்போதே காயமடைந்து இறந்தது. எலும்பில் முன்பே இருந்த நுண்விரிசல்கள், தரையின் கடினம், ஒரே ஒரு தப்படி ஆகியவை இத்தகைய காயங்களுக்குப் போதும். சமதளப் பந்தயங்களிலும் குதிரைகள் இப்படி இறக்கின்றன.

5. களைப்பு. 2009இல் ஹியர் தி எக்கோ இறுதி நேரோட்டத்தில் சரிந்து இறந்தது. 2025இல் செலெப்ர் தாலன் சரிந்ததும் அதே பகுதியில்தான்.

இந்தப் பட்டியலில் வேலியின் உயரத்தைக் குறைத்துத் தீர்க்கக்கூடியது எவ்வளவு குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும்.

கால் முறிந்தால் ஏன் கொல்கிறார்கள்

இது ஈவிரக்கமற்ற வழக்கம் என்றே வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். காரணம் குதிரையின் உடலமைப்பில் இருக்கிறது.

குதிரையின் எடை ஏறக்குறைய 500 கிலோ. முன்னங்காலில் முட்டி என்று நாம் நினைக்கும் இடம் உண்மையில் மணிக்கட்டு. அதற்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, தசைநாண், தோல் மட்டுமே. தசை இல்லாததால் இரத்த ஓட்டம் குறைவு. முறிந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு எளிதில் வெளியே வரும், கிருமி புகும்.

மனிதருக்குக் கட்டுப்போட்டுப் படுக்க வைப்பதுபோல் குதிரையைப் பல வாரங்கள் படுக்க வைக்க முடியாது. தன் எடையே தசைகளையும் நுரையீரலையும் அழுத்தும். நிற்க வைத்தாலோ, முறிந்த காலின் சுமை மற்றக் கால்களுக்குப் போகும். குளம்பின் உட்பகுதியை எலும்போடு இணைக்கும் திசுக்கள் இரத்த ஓட்டம் குறைந்து அழற்சியடைந்து பிரியத் தொடங்கும். குளம்பழற்சி என்ற இந்த நோய் தாங்கொணா வலியைத் தருவது. அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும்போது குதிரை மிரண்டு எழ முயன்று, பொருத்திய எலும்பை மீண்டும் முறித்துக்கொள்வதும் உண்டு.

அமெரிக்காவில் 2006 மே மாதம் பிரீக்னஸ் பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கிய பார்பரோ என்ற குதிரைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சிகிச்சை கிடைத்தது. எட்டு மாதம் போராடினார்கள். குளம்பழற்சி மற்றக் கால்களுக்குப் பரவ, 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. எல்லா முறிவும் மரணம் என்று இதற்குப் பொருளில்லை. சில வகை முறிவுகளைத் திருகாணி கொண்டு பொருத்திக் குணப்படுத்துகிறார்கள். தடத்தில் துணித்திரை மறைவில் கால்நடை மருத்துவர் எடுக்கும் முடிவு, அது எந்த வகை முறிவு என்பதைப் பொறுத்தது.

என்னென்ன மாற்றினார்கள்

2011இல் ஓர்னே, டூனீஸ் கேட் என்ற இரண்டு குதிரைகள் இறந்தன. அவை கிடந்த இரண்டு வேலிகளையும் இரண்டாம் சுற்றில் ஒதுக்கிவிட்டு, மற்றக் குதிரைகளைச் சுற்றி ஓட வைத்தார்கள். பந்தயத்தில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. வெயில் மிகுந்த அந்த நாளில் வென்ற குதிரையிலிருந்து ஜாக்கி உடனே இறங்கிவிட, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்ததையும், ஒதுக்கிய வேலிகளின் ஓரத்தில் போர்த்தியிருந்த தார்ப்பாய்களையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மறு ஆண்டும் இரண்டு மரணங்கள் நேரவே, மாற்றம் தவிர்க்க முடியாததாயிற்று.

2013இல் வேலிகளின் உள்ளே இருந்த மரக் கூட்டை அகற்றி, வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் குச்சிகளை வைத்தார்கள். பார்வையாளர் கண்ணுக்கு வேலி மாறவில்லை. மோதும் குதிரைக்கு மாறியது. என் மதிப்பீட்டில், இதுவரை செய்த மாற்றங்களில் மிகப் பயனுள்ளது இதுதான். ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. இடித்தாலும் தப்பலாம் என்றால், வேலிக்கு அஞ்சி வேகத்தைக் குறைக்க வேண்டிய தேவை குறைகிறது. வேகம் கூடினால் விழும்போது அடியின் வலிமையும் கூடும். வேகத்தைக் கட்டுப்படுத்தத் தரையை ஈரமாக வைக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். பந்தயத்தின் மிகக் குறைந்த நேரமான 8 நிமிடம் 47.8 விநாடி, 1990இல் மிஸ்டர் ஃபிரிஸ்க் இறுகிய தரையில் ஓடி எடுத்தது. இப்போது ஏன்ட்ரீயில் வேண்டிய அளவு தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அத்தகைய தரையை இனி எதிர்பார்ப்பதற்கில்லை.

2024க்கான மாற்றங்கள் வேலியைவிட்டு வேறிடம் நோக்கின:

1. குதிரைகளின் எண்ணிக்கை வரம்பு 40இலிருந்து 34ஆகக் குறைந்தது. 1929இல் 66 குதிரைகள் ஓடின என்பதோடு ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு புரியும்.
2. முதல் வேலியைப் புறப்படும் இடத்துக்கு 60 கஜம் நெருக்கமாக நகர்த்தினார்கள். ஓடிவரும் தூரம் குறைந்தால் வேகம் திரளாது.
3. ஓடிக்கொண்டே புறப்படும் வழக்கத்தை விட்டு, நின்ற நிலையிலிருந்து புறப்பட வைத்தார்கள்.
4. முந்தைய ஓட்டங்களை வைத்துக் குதிரைக்கு வழங்கும் தகுதி மதிப்பெண்ணின் குறைந்தபட்சத்தை 125இலிருந்து 130ஆக உயர்த்தினார்கள்.
5. பதினோராவது வேலியின் உயரத்தை இரண்டு அங்குலம் குறைத்தார்கள்.

ஐந்தில் கடைசி ஒன்றுதான் வேலியின் உயரத்தைப் பற்றியது. மேலே கண்ட முதல் மூன்று காரணங்களை, அதாவது தொடக்க வேகம், நெரிசல், ஆளில்லாக் குதிரை ஆகியவற்றைக் குறிவைத்த திட்டம் இது. பிரிட்டனின் தாண்டுபந்தய மைதானங்களில் வேலியின் ஆரஞ்சு அடையாளங்களை வெள்ளையாக மாற்றியதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்: நமக்குப் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு, இரு நிறப் பார்வை மட்டுமே உள்ள குதிரைக்குப் புல்லின் நிறத்தோடு கலந்துவிடும்.

எண்களை எப்படிப் பார்ப்பது

2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நான்கு குதிரைகள் இறந்தன. 2013 முதல் 2018 வரை நடந்த ஆறு பந்தயங்களில் ஒன்றுகூட இறக்கவில்லை. 2020இல் கொரோனாவால் பந்தயம் நடக்கவில்லை. அதைத் தவிர்த்து 2019 முதல் 2025 வரையிலான ஆறு பந்தயங்களில் ஆறு இறந்தன. பந்தயத்தை ஆதரிப்பவர் நடு ஆறையும், எதிர்ப்பவர் கடைசி ஆறையும் எடுத்துக்காட்டுவது இயல்பு.

புதிய வேலிகள் வந்த பிறகான பன்னிரண்டு பந்தயங்களையும் சேர்த்தால், ஏறக்குறைய 460 குதிரைகள் ஓடி ஆறு இறந்துள்ளன. ஆயிரத்துக்குப் பதின்மூன்று என்ற விகிதம். பிரிட்டனின் தாண்டுபந்தயங்களின் பொதுவான விகிதம் ஆயிரத்துக்கு ஏறக்குறைய நான்கு. ஆறு என்பது சிறிய எண். ஓரிரு குதிரைகள் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் பெரிதும் ஆடும் என்பது உண்மைதான். ஆனாலும் இது மற்றத் தாண்டுபந்தயங்களைப் போன்ற இன்னொன்றுதான் என்று சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை. மேலும், கிராண்ட் நேஷனலை உள்ளடக்கிய மூன்று நாள் ஏன்ட்ரீ விழாவின் மற்றப் பந்தயங்களில் இறக்கும் குதிரைகள் இக்கணக்கில் வருவதில்லை.

ஜாக்கிகளைப் பொறுத்தவரை, இப்பந்தயத்தால் உயிரிழந்தவர் 1862இல் இறந்த ஒருவரே. ஊனங்கள் வேறு கணக்கு. 1964இல் தி சேரில் விழுந்து முதுகெலும்பு முறிந்த பேடி ஃபாரலுக்கும், சில மாதங்கள் முன்பு அதே மைதானத்தில் முடங்கிய டிம் புரூக்ஷாவுக்கும் உதவத் திரட்டிய நிதியிலிருந்தே பிரிட்டனின் காயமடைந்த ஜாக்கிகளுக்கான அறக்கட்டளை உருவானது.

நிறுத்துவது யார் கையில்

களைப்பு என்ற ஐந்தாவது காரணத்துக்கு வேலியும் புறப்பாடும் விடையல்ல. 2025இல் செலெப்ர் தாலனின் ஜாக்கிக்குப் பத்து நாள் தடை விதித்தார்கள்: குதிரையிடம் மேற்கொண்டு ஓடத் தெம்பில்லை என்பது தெரிந்த பிறகும் ஓட்டத்தைத் தொடர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. குதிரைக்கு நுரையீரல் சார்ந்த கடுமையான பாக்டீரியத் தொற்று இருந்ததாகப் பிறகு நடந்த பரிசோதனை காட்டியது. எனவே அந்த மரணத்தை ஒரு மனிதரின் தவறு என்று மட்டும் எழுதிவிட முடியாது.

ஆனால் விதியின் வடிவத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும். மொத்தப் பரிசு பத்து லட்சம் பவுண்டு, அதில் பாதி முதலிடத்துக்கு. பின்னால் வரும் பல இடங்களுக்கும் பணம் உண்டு. ஒன்பது நிமிடம் ஓடி, முன்னணியில் கடைசி வேலிகளை நெருங்கும் ஜாக்கி, தன் உடலும் களைத்திருக்கும் அந்த விநாடிகளில், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குதிரையை நிறுத்த வேண்டும் என்று விதி எதிர்பார்க்கிறது. சாட்டையடி ஏழுக்கு மேல் கூடாது என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய விதி. தெம்பு தீர்ந்தது எப்போது என்பதை அப்படி எண்ண முடியாது.

எண்ணக்கூடியவை இரண்டு: குதிரையின் வயது, பந்தயத்தின் நீளம். வயதுக்குக் கீழ்வரம்பு இருக்கிறது. நீளமோ, புறப்படும் இடத்தை நகர்த்தியதாலும் மறு அளவீட்டாலும் சில நூறு மீட்டர் குறைந்திருக்கிறதே தவிர, களைப்பைக் குறைப்பதற்காக இதுவரை வெட்டப்படவில்லை. வேலிகளில் செய்யக்கூடியதைப் பெரும்பாலும் செய்து முடித்துவிட்ட நிலையில், அடுத்த பேச்சு ஏழு கிலோமீட்டர் ஓட்டத்தின் கடைசி ஒரு கிலோமீட்டரைப் பற்றியதாகத்தான் இருக்க முடியும்.